மீன் படம் போட்ட பலகை

வெளிநாட்டு மண்ணை நம் நாட்டுக்குள் கொண்டுவர வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கேட்டவர்க்கெல்லாம் அது கிடைக்காது. ஆராய்ச்சிக்கு என்று காரணம் காட்ட வேண்டும். வந்து இறங்கும் இடத்தில் தாவர நோய்த்தடுப்பு அதிகாரி பார்க்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிட வேண்டும். செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும் மண்ணைப் பற்றிக்கூட விதி எழுதியவர்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். காப்பித்தூள் டப்பாவில் வரும் மண்ணைப் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. என் நண்பன் நாச்சியப்பனை அவர்களுக்குத் தெரியாது.

நான் வேளாண் துறையில் இருந்தவன். கடைசிக் காலத்தில் பூச்சிமருந்து ஆய்வாளர். புதுக்கோட்டை மாவட்டத்தில் மருந்துக்கடை வைத்திருந்தவர்கள் யாரும் என்னை வீட்டு விசேஷத்துக்கு அழைத்ததில்லை. நாச்சியப்பன் மட்டும் எல்லாவற்றுக்கும் அழைப்பான். பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்சு. அவன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, திருமயத்துக்குப் பக்கத்தில் தன் சொந்த ஊர் வீட்டைப் பழுது பார்த்துக் குடியேறிவிட்டான். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டான். "ரூல்ஸு" என்பான்.

அந்த வைகாசியில் நான் கோயம்புத்தூரிலிருந்து திரும்பி வந்திருந்தேன். மகள் வீட்டில் தங்கி இரண்டு கண்ணுக்கும் புரை எடுத்துக்கொண்டு, மூன்று மாதம் ஓய்வு. அந்தப் புதுக் கண்ணால் நான் படித்த முதல் உருப்படியான எழுத்து எதுவென்று இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மதியம்

நாச்சியப்பன் வீட்டில் சாப்பாடு. அரிசி கழுவிய நீரில் வைத்த வெண்டைக்காய் மண்டியின் புளிப்பு வாசனை, வளவு என்கிற உள்முற்றம் முழுக்க நின்றது. அவன் மனைவி மீனா ஆச்சி பரிமாறினார். மருமகள் உமையாள் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஏழாம் மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டான பிள்ளை. பெங்களூரில் கணவன் கதிரேசனோடு கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். பிரசவம் வரை இங்கிருந்தே வேலை செய்வதாக ஏற்பாடு.

சாப்பிட்டுக் கை கழுவி வந்தபோது, நாச்சியப்பன் சாமி அறையிலிருந்து ஒரு வெள்ளிச் சொம்பை எடுத்து வந்தான். உள்ளே மண். கருஞ்சிவப்பு. ஒரு சிட்டிகை எடுத்து மருமகள் நெற்றியில் பூசினான். இன்னொரு சிட்டிகையைத் தம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிக் கொடுத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு மூக்கைச் சுளித்தாள். பழகிப்போன சுளிப்பு.

என்ன அது என்று கேட்டேன்.

"நம்ம முனியய்யா மண்ணுப்பா. சைகோன்ல எடுத்தது."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அதிர்ச்சி இல்லை. விதியை மீறியிருக்கிறான் என்ற கோபம். நான் எவ்வளவு எளிய மனிதன் என்று இப்போது நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

பாட்டையாவின் கல்

நாச்சியப்பனின் பாட்டையா, அதாவது கொள்ளுத் தாத்தா, பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட நாளில் சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தவர். இந்தப் பக்கத்துச் செட்டியார் வீடுகளில் பாதிக்கு அப்படி ஒரு கதை உண்டு. தேக்குத் தூணும் பெல்ஜியக் கண்ணாடியும் அந்தக் கதையின் மிச்சம். சைகோனிலிருந்து சற்றுத் தள்ளி, பியன் ஹோவா என்ற இடத்தில், பாட்டையாவிடம் ரப்பர் மரம் நின்ற நிலம் வந்து சேர்ந்தது. காவலுக்கு அங்கே ஒரு கல்லை நட்டு முனியய்யா என்றார். ஊர் திரும்பும்போது கல்லை விட்டுவிட்டு வந்துவிட்டார்.

பேரப்பிள்ளை தங்காமல் இரண்டு முறை கலைந்தபோது, குறி சொல்பவர் ஒருவர் கடல் தாண்டி ஒரு சாமி பட்டினி கிடக்கிறது என்றார். வங்கியில் கடன் மனுக்களைத் துருவித் துருவிப் பார்த்தவன், இதை ஒரு கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டான். அங்கிருந்து பிடிமண் எடுத்து வந்து ஊரில் முனியய்யாவுக்குப் பீடம் போடுவதாக நேர்ந்துகொண்டான். நேர்ந்த சில மாதத்தில் உமையாள் முழுகாமல் இருந்தாள். இதற்கு மேல் நாச்சியப்பனிடம் யார் வாதாட முடியும்?

பிடிமண் எடுப்பது எங்கள் பக்கம் எல்லோரும் அறிந்தது. குடி பெயர்ந்தவர்கள் பழைய கோயிலிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக் கொண்டுவந்து புதிய இடத்தில் வைத்தால் சாமி கூடவே வந்துவிடும். கொடும்பாளூர்ப் பக்கத்து மண் தஞ்சாவூர் வரை போயிருக்கிறது. விமானத்தில் வந்ததை நான் கேள்விப்பட்டதில்லை.

போரைப் பார்க்கப் போன கதை

தைப் பொங்கல் முடிந்து வியட்நாமுக்குக் கிளம்பினோம். நாச்சியப்பன், கதிரேசன், நான். சுற்றுலாக்காரர்கள் காட்டும் சுரங்கங்களை முதல் நாள் பார்த்தோம். கெரில்லாக்கள் வருஷக்கணக்கில் குடியிருந்த பொந்து. சமையல் புகை வெளியே தெரியாமல் போக வழி, ஆஸ்பத்திரி, ஆயுதக் கிடங்கு எல்லாம் பூமிக்கடியில். அகலப்படுத்திய பிறகும் என் வயிறு நடுவில் மாட்டிக்கொண்டது. பின்னால் வந்த ஒரு வெள்ளைக்காரர் என்னைத் தள்ளிவிட்டார். அந்த நாட்டில் அவர்கள் செய்த ஒரே உதவி என்று நாச்சியப்பன் மேலே நின்று சிரித்தான்.

மறுநாள் யுத்த அருங்காட்சியகம். ஒரு அறையில் குழந்தைகளின் படங்கள். கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தோல். கையில்லாத தோள். நான் பாதியிலேயே வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நாச்சியப்பன் அந்த அறைக்குள் போகவே இல்லை. வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கும்போது பார்க்கக் கூடாதாம்.

அவன் பார்த்திருக்கலாம்.

மூன்றாம் நாள் பியன் ஹோவா. எனக்குக் கால் வீங்கிவிட்டது, விடுதியில் படுத்துவிட்டேன். கிளம்பும் முன் மண்ணைப் பற்றிய விதியை அவனுக்கு முழுதாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். மாலையில் வந்து, பாட்டையா நிலம் இருந்த இடம் இப்போது ராணுவ விமானத் தளத்துக்குள் போய்விட்டது, வெளியே நின்று கும்பிட்டுவிட்டு வந்தோம் என்றான். நம்பினேன். ஊர் வந்து இறங்கியபோது அதிகாரிகள் எங்கள் பைகளைக் கிளறினார்கள். அவர்கள் தேடியது தங்கம்; நாச்சியப்பனின் காப்பித்தூள் டப்பாவை யாரும் திறக்கவில்லை.

விமானத் தளம் என்றால் நாச்சியப்பனுக்கு அச்சம் ஏதும் வராததற்கும் காரணம் உண்டு. செட்டிநாட்டுப் பக்கம் இரண்டாம் உலகப் போரின்போது போட்ட ஓடுபாதை ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறோம். புல்லும் ஆடும் இருந்தன. போர் என்பது முடிந்ததும் ஆடு மேயும் இடம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

சாமி குளம்

வைகாசி மதியத்துக்குத் திரும்புகிறேன். மண் எங்கே எடுத்தாய் என்று அதட்டினேன். அவன் பெருமையாகக் கைபேசியை எடுத்தான். தளத்தின் மதில் ஓரமாக ஒரு ஏரி. கரையில் ஒற்றை மரம். அதன் அடியில் நாச்சியப்பன் கைக்குட்டை விரித்து மண் அள்ளுகிறான். அவனுக்குப் பின்னால் ஒரு பலகை. அதில் ஒரு மீன் படம், மீனின் மேல் சிவப்புக் கோடு.

"கல்லு எங்க கெடக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு தவிச்சுப் போயிட்டோம். அப்பத்தான் இந்தப் பலகையப் பார்த்தேன்," என்றான். "மீன் புடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கான் பாரு. கோயில் குளத்துல தானப்பா மீன் புடிக்க மாட்டாங்க? அந்த ஊர்க்காரனுக்கே தெரிஞ்சிருக்கு, அங்கிட்டு சாமி இருக்குன்னு."

எங்கள் பக்கத்துத் தெப்பக்குளங்களில் பொரி போட்டால் மீன்கள் படிக்கட்டு வரை வரும். யாரும் தூண்டில் போடமாட்டார்கள். அந்தக் கண்ணோடு போனவனுக்கு அந்தப் பலகை வேறு எதைச் சொல்லும்?

படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். மீனுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. அவர்கள் மொழிக்கு ஆங்கில எழுத்துத்தான். மேலும் கீழும் புள்ளியும் கொம்பும் இருக்கும். அந்த வரியில் எனக்கு ஒரு சொல் தெரிந்தது. டயாக்ஸின்.

என் புதுக் கண் படித்த எழுத்து அது.

பூச்சிமருந்துச் சட்டம் படித்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியாமல் இருக்காது. பிரெஞ்சுக்காரர்கள் போட்ட சின்ன விமானத் திடலை அமெரிக்கர்கள் பெரிய தளமாக்கினார்கள். அங்கிருந்து குண்டு விமானங்கள் போயின. மருந்து விமானங்களும் போயின. காட்டில் ஒளிந்திருப்பவர்களைப் பிடிக்க, காட்டின் இலையையே உதிர்த்துவிடலாம் என்று ஒரு யோசனை. ஆரஞ்சுப் பட்டை போட்ட பீப்பாய்களில் களைக்கொல்லி வந்தது. இரண்டு மருந்தின் கலவை. அதில் ஒன்று இன்றும் நம் ஊர்க் கடைகளில் நெல்வயலுக்குக் கிடைக்கிறது. நானே மாதிரி எடுத்திருக்கிறேன். மற்றதைத் தயாரிக்கும்போது அதற்குள் சேர்ந்துவிட்ட அழுக்குத்தான் டயாக்ஸின். அருங்காட்சியகப் படங்களில் இருந்த குழந்தைகள் அதன் விளைவு. பீப்பாய் ஒழுகிய இடமெல்லாம் அது மண்ணில் இறங்கியது, மழையில் ஏரிக்குப் போனது, மீனில் ஏறியது. போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆகியும் அந்தத் தளத்தில் மண்ணைத் தோண்டித் தோண்டிச் சுத்தம் செய்கிறார்கள். மீன் படப் பலகை அதற்காக வைத்தது.

அதை எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. தம்ளரைப் பிடுங்கியது மட்டும் நினைவிருக்கிறது. அது காலியான தம்ளர்.

மீனா ஆச்சி, மாசியிலிருந்து மண் கரைத்துக் கொடுத்தது எத்தனை செவ்வாய், எத்தனை வெள்ளி என்று விரல் விட ஆரம்பித்தார். ஒரு கை முடிந்ததும் நிறுத்திவிட்டார். நாச்சியப்பன் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். கீழே வைக்கவும் பயம், பிடித்திருக்கவும் பயம்.

உமையாள்தான் என்னிடம் கேட்டாள். "மாமா, அது ஒடம்ப விட்டுப் போயிருமா?"

கொஞ்சம் கொஞ்சமாகப் போகும் என்றேன். வருஷக்கணக்கு ஆகும் என்பதைச் சொல்லவில்லை. அவள் அதற்குள் கைபேசியில் படிக்க ஆரம்பித்திருந்தாள். சற்று நேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"பால் வழியாவும் போகுமாம்," என்றாள்.

ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவது நின்றது.

மூன்று பங்கு

நாச்சியப்பன் மண்ணை வெள்ளாற்றில் கரைத்துவிடுவோம் என்றான். கூடாது என்றேன். புதைப்போம் என்றான். அதுவும் கூடாது என்றேன். பின்னே என்னதான் செய்யலாம் என்று கேட்டான். என் வாழ்நாளில் முதன்முறையாக எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் தெரிந்ததைச் செய்தேன்.

சந்தேகத்துக்குரிய மருந்தை மாதிரி எடுத்தால் மூன்று பங்காகப் பிரிக்க வேண்டும். ஒன்று பகுப்பாய்வுக்கு, ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று யாரிடம் எடுத்தோமோ அவருக்கு. மூன்றுக்கும் அரக்கு முத்திரை. நான் ஓய்வு பெற்றவன், இது மருந்துக்கடையும் இல்லை. என்றாலும் கையுறை போட்டு, மூன்று கண்ணாடிப் புட்டியில் அடைத்து, அரக்கு உருக்கி ஊற்றினேன். கோர்ட்டுப் பங்கு என் வீட்டு இரும்புப் பீரோவில் வேட்டிகளுக்குப் பின்னால் போனது. வியட்நாம் யுத்தத்தின் ஒரு கைப்பிடி அங்கே இன்னும் இருக்கிறது.

புதுக்கோட்டையில் உமையாளைப் பார்த்துவந்த டாக்டரம்மா நேர்மையான பெண். படித்திருக்கிறேன், ஆனால் இப்படி ஒரு கேஸ் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். ஸ்கேனில் குறை ஒன்றும் தெரியவில்லை. மண்ணில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் நல்லது என்றார்.

அந்த நஞ்சைச் சோதிக்கும் ஆய்வுக்கூடங்கள் நாட்டில் மிகச் சில. வேறு மாநிலத்தில் ஒன்றைக் கண்டுபிடித்து எழுதினேன். மண் எந்த இடத்தது, யார் கொண்டுவந்தது, அனுமதி எண் என்ன என்று கேட்டுப் பதில் வந்தது. எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. அந்த நாற்காலியில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அனுமதி இல்லை என்ற உண்மையை எழுதி, கொண்டுவந்தவர் கையெழுத்திட வேண்டும். இட்டால் வழக்கு வரலாம்.

நாச்சியப்பன் பேனாவைப் பிடித்தான். வங்கி, ஓய்வூதியம், வழக்கு, ஊரில் மானம் என்று ஏதேதோ முணுமுணுத்தான். கையெழுத்துப் போடாமல் இருந்துவிடலாமா என்று என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

உமையாள் எழுந்து வந்து தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நாந்தானே தின்னேன், நானே போடுறேன்," என்றாள். என் பக்கம் திரும்பினாள். "மாமா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். பாப்பாவுக்குப் பால் குடுக்கலாமா வேண்டாமா, பொறக்குறதுக்குள்ள தெரியணும்."

தின்றவர் கையெழுத்து என்று ஒரு இடம் எந்தப் படிவத்திலும் கிடையாது. கொண்டுவந்தவர் என்ற இடத்தில் மாமனார் பெயரை எழுதி, அதற்குக் கீழே, உட்கொண்டவர் என்று தானே ஒரு வரி சேர்த்துக் கையெழுத்திட்டாள். அதைப் பார்த்த பிறகு நாச்சியப்பனும் போட்டான்.

முனியய்யா பீடத்துக்கு வெட்டிய குழியில் மழைத் தண்ணீர் நின்றது.

ஆஸ்பத்திரி வராந்தா

பதில் வரவில்லை. நினைவூட்டுக் கடிதம் எழுதினேன். நினைவூட்டுக்கு நினைவூட்டு எழுதினேன். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் உமையாள் ஊஞ்சலிலிருந்து எழுந்துவிடுவாள் என்று மீனா ஆச்சி சொன்னார். வலி கண்ட அன்றும் ஆட்டோவில் ஏறும்போது, ஏதாவது வந்துச்சா மாமா என்று போனில் கேட்டாள். இல்லை என்றேன்.

வராந்தாவில் நாச்சியப்பனோடு நின்றேன். டெட்டால் வாசனை. அன்று அந்த அருங்காட்சியக அறைக்குள் போகாதவன், வீட்டில் இணையத்தில் அந்தப் படங்களையெல்லாம் பார்த்து வைத்திருந்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கதவு திறந்து நர்ஸ் வந்தார்.

"கை... கால்..." என்று ஆரம்பித்தான். மேலே வரவில்லை.

"பொண்ணு," என்றார் நர்ஸ்.

நாச்சியப்பன் சுவரில் சாய்ந்து கேவிக் கேவி அழுதான். நர்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பொண்ணுன்னா இப்படியா அழுவீங்க? படிச்சவரு மாதிரி இருக்கீங்க. லச்சுமி மாதிரி முழுசாப் பொறந்திருக்கு, போய்ப் பாருங்க."

முழுசா என்ற சொல்லைக் கேட்டதும் அவன் இன்னும் அழுதான். அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பால் விஷயத்தில் டாக்டரம்மா பெரிய இடங்களில் விசாரித்து வந்து, கொடுக்கலாம், கொடுப்பதால் வரும் நன்மையே அதிகம் என்று சொன்னார். உமையாள் அன்று முழுக்க முடிவெடுக்கவில்லை. பிள்ளை வீரிட்டது. மீனா ஆச்சி பால்பவுடர் டப்பாவையும் கரண்டியையும் மேசையில் எடுத்து வைத்தார். கதிரேசன், ஒன் இஷ்டம் என்று மட்டும் சொன்னானாம். சாயங்காலம் அவள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. டப்பா திறக்கப்படவில்லை.

அதன் பிறகு அவள் என்னிடம் பதிலைப் பற்றிக் கேட்கவில்லை. குழந்தைக்குச் சளி பிடித்தாலும் தோலில் ஒரு தடிப்பு வந்தாலும் என் முகத்தைப் பார்ப்பாள். அவ்வளவுதான். நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

உறை

ஒரு நாள் உறை வந்தது. சட்டப்படி, மாதிரி யாரிடம் எடுக்கப்பட்டதோ அவருக்கு முடிவின் நகல் தரப்பட வேண்டும். எனக்கு முன்னால் அவள் படிக்க வேண்டும் என்று, பிரிக்காமல் பஸ் ஏறினேன்.

நான் போனபோது வீட்டில் தேங்காய்ப் பூரணம் கிளறும் வாசனை. காலையில்தான் குழந்தை தவழ்ந்து போய் வளவு நிலைப்படியைத் தாண்டிவிட்டதாம். படி தாண்டினால் கொழுக்கட்டை செய்து நாலு வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். மீனா ஆச்சி ஆவி பறக்க ஒரு தட்டை என் முன் வைத்தார். நாச்சியப்பன் என் கையிலிருந்த உறையைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

உமையாள் பிரித்தாள். ஒரே பக்கம். மண்ணில் டயாக்ஸின் இருப்பது உறுதி செய்யப்பட்டது, அளவு இன்னது. இவ்வளவுதான் இருக்கலாம் என்று மண்ணுக்கு நம் நாட்டில் வரம்பு எதுவும் குறிக்கப்படாததால், மேற்கொண்டு கருத்துச் சொல்ல இயலாது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டு என்று நம்பி வாழ்ந்தவன் நான். அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

"இருக்குன்னு தான போட்டிருக்கு, மாமா?"

"இருக்கு."

"சரி," என்றாள். மடியில் ஏற வந்த பிள்ளையைத் தூக்கி, வாயில் ஒட்டியிருந்த மாவைத் துடைத்தாள். சிறிது நேரம் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு பாலூட்டிப் பசியாற்ற உட்கார்ந்தாள்.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. பழைய பழக்கத்தில் பேனாவை எடுத்துக் கடிதத்தின் இடது மூலையில், பெறப்பட்டது, பங்குனி இரண்டாம் வெள்ளி என்று எழுதினேன். உமையாள் ஒரு கையை நீட்டிப் பேனாவைக் கேட்டு வாங்கினாள். குழந்தையை அசைக்காமல், அந்தத் தேதிக்குக் கீழே எழுதினாள்: பாப்பா படி தாண்டிய நாள்.